நோயும் பொருளும்: நம்பிக்கை எங்கே தங்குகிறது?

கடும் நோய் ஒருவரைப் படுக்கையில் தள்ளும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. "எனக்கு ஏன் வந்தது?" என்பது ஒன்று. "இனி எதை நம்பி இருப்பது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தமிழில் விடைகள் ஏராளம். வினை, விதி, கண்ணேறு, கிரகம், வாயைக் கட்டாத குற்றம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இரண்டாவது கேள்விக்கும் சமயம், உளவியல், மருத்துவம் எல்லாம் தத்தம் வழியில் விடை சொல்லி வந்திருக்கின்றன. அந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை ஜொகூர் மாநிலத் தமிழ்க் குடும்பங்களின் சூழலில் வைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

இரண்டு சொற்களை முதலிலேயே கவனிப்பது நல்லது. 'பொருள்' என்றால் நமக்கு அர்த்தமும் உண்டு, காசும் உண்டு. 'நம்பிக்கை' என்பது நாளை பற்றிய எதிர்பார்ப்பையும் குறிக்கும், கடவுள்மேல் வைக்கும் பற்றையும் குறிக்கும், பக்கத்தில் இருப்பவர் கைவிடமாட்டார் என்ற உறுதியையும் குறிக்கும். ஆங்கில ஆய்வுகள் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து, தனித்தனியே அளக்கின்றன. தமிழ் நோயாளி "எனக்கு நம்பிக்கை போச்சு" என்று சொல்லும்போது இவற்றில் எது போயிற்று என்பது, கேட்பவர் நின்று விசாரித்தால்தான் தெரியவரும்.

வினையும் வேண்டுதலும்

மிகப் பழைய விடை சமயத்தினுடையது. நோய் முன்வினையின் பயன். இறைவனைப் பற்றினால் வினை தேயும் என்பது அதன் சுருக்கம். கொங்குநாட்டில் குளிர்சுரம் பரவியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடி அடியார்களைக் காத்தார் என்கிறது பெரியபுராணம். பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்ததாகச் சொல்லப்படும் திருநீற்றுப் பதிகமும் உண்டு.

திருநாவுக்கரசரின் சூலை நோய்க் கதை இவற்றிலிருந்து சற்றே வேறுபட்டது. அதிகை வீரட்டானத்தில் அவர் பாடிய முதல் பதிகத்தைப் பொறுமையின் பாட்டு என்று சொல்வது கடினம். குடலை முறுக்கும் வலியோடு இறைவனிடம் முறையிட்டு, வாதாடும் பாட்டு அது. செய்த குற்றம் தனக்கே தெரியாதபோது தண்டனை மட்டும் ஏன் என்ற குரல் அதில் ஒலிக்கிறது. வினைக் கொள்கை நோயாளியின் வாயை அடைத்துவிடும் என்று குறை சொல்வோர் இந்தப் பதிகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கதையில் இன்னொன்றையும் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். வலி தாங்காத தம்பி முதலில் போய்ச் சேர்ந்த இடம் அக்காள் திலகவதியாரின் மடம். அவர்தான் திருநீறு கொடுத்து, விடியும் முன்னே கோயிலுக்கு அழைத்துப் போகிறார். இறைவனின் அருளுக்கு முன்னே ஓர் உடன்பிறப்பின் வாசல் இருக்கிறது.

ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் இந்த மரபையும் சுமந்துதான் வந்தார்கள். தோட்டத்தில் மருத்துவம் என்றால் பெரும்பாலும் டிரெஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான். அவர் கொடுக்கும் மாத்திரைக்கு மேல் மிஞ்சியது மாரியம்மன் கோயில். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் பால்குடம், கணவர் பிழைத்தால் காவடி என்ற நேர்த்திக்கடன் வழக்கம், தோட்டம் கலைந்து மக்கள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் அடுக்குமாடிகளுக்குக் குடிபோன பிறகும் தொடர்கிறது. தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை. அன்று எடுக்கப்படும் காவடிகளில் பலவற்றின் பின்னால் ஒரு மருத்துவமனைக் கோப்பு இருக்கும்.

இந்த வேண்டுதலை எப்படிப் புரிந்துகொள்வது? எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் 1997-இல் பினாங்குத் தைப்பூசம் பற்றியும், கார்ல் வடிவேல்ல பெல் 2017-இல் மலேசியத் தைப்பூசம் பற்றியும் விரிவான நூல்கள் எழுதினார்கள். காவடியை வெறும் பேரமாகவோ வெறியாகவோ சுருக்க முடியாது என்பது இவற்றைப் படிப்பவருக்குப் புலப்படும். மொரிஷியசில் காவடி எடுக்கும் தமிழ் வழித்தோன்றல்களிடையே டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போயிற்று. நாட்பட்ட நோயுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அலகு குத்திக்கொண்டார்கள்; அதிக வலியைத் தாங்கியவர்கள் பின்னர் மனநலம் கூடியதாகச் சொன்னார்கள்; உடலுக்குக் கேடு நேர்ந்ததாக அளவீடுகள் காட்டவில்லை. ஆனால் நலம் கூடியது என்பது அவர்களே சொன்னது. அடிப்படை நோய் குறைந்தது என்று அந்த ஆய்வு கூறவில்லை. அப்படி வாசிப்பது தவறு.

வினை விடையின் பலவீனம் வெளிப்படையானது. நோயாளிமேல் பழி சுமத்த அது எளிதாக இடம் கொடுக்கும்; மார்பில் கட்டி இருப்பதை ஒரு பெண் மறைப்பதற்கு 'என்ன பாவம் செய்தாளோ' என்ற ஊர்ப்பேச்சும் ஒரு காரணமாகலாம். ஆயினும் தமிழர் இதை இறுக்கமான கோட்பாடாகக் கையாள்வதில்லை என்பது மானுடவியலாளர் வாலன்டைன் டேனியலின் கருத்து. வினையையும் தலையெழுத்தையும் அவர்கள் கருவிப்பெட்டியில் உள்ள கருவிகளைப் போல, அந்தந்த நேரத்துக்கு ஏற்றதை எடுத்து ஆள்கிறார்கள் என்று 1983-இல் அவர் எழுதினார். காலையில் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலையில் ஜாதகம் பார்க்கும் குடும்பத்தை முரண்பட்டது என்று ஒதுக்குவோர் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

'மனம் வைத்தால் மாறும்'

இரண்டாவது விடை இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. நோயை எதிர்த்துப் போராடு, நல்லதையே நினை, மனம் தளராவிட்டால் உடல் வழிக்கு வரும் என்பது அதன் குரல். தன்னம்பிக்கை நூல்கள், மேடைப் பேச்சு, புலனக் குழுக்களில் வரும் காலை வாழ்த்து வரை இதுவே இன்று அதிகம் கேட்கும் விடை.

இதற்கு ஓர் அறிவியல் ஆதாரமும் இருந்தது. மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களில் குழு உளச்சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும், பெறாதவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்ததாக டேவிட் ஸ்பீகல் 1989-இல் அறிவித்தார். உலகமே அதை எடுத்துப் பேசியது. கனடாவில் 235 பெண்களிடம் நடந்த ஆய்வு 2001-இல் வந்தபோது அந்த ஆயுள் நீட்சியைக் காணவில்லை. மனத்துயரும் வலியும் குறைந்தது மட்டுமே நிலைத்தது. ஸ்பீகலே 2007-இல் வெளியிட்ட மறு ஆய்விலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. அதே ஆண்டு ஜேம்ஸ் கொய்ன் குழு, தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரைப் பற்றிய தரவுகளில், மன நலத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது.

மன உறுதி வேண்டாம் என்பதற்கு இவை சான்றாகா. குழுவில் அமர்ந்து பேசிய பெண்களின் வலி குறைந்தது சிறிய பலன் இல்லை. ஆனால் 'மனம் வைத்தால் பிழைக்கலாம்' என்ற வாக்கியத்துக்குள் 'பிழைக்காதவர் மனம் வைக்கவில்லை' என்ற தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. சூசன் சொன்டாக் 1978-இலும், பார்பரா எரன்ரைக் 2009-இலும், இருவருமே மார்பகப் புற்றுநோயைக் கண்டவர்களாக இருந்து, எதிர்த்தது இதைத்தான். பழைய வினைக் கொள்கை முற்பிறவியில் பழியை வைத்தது. இந்தப் புதிய கொள்கை அதை இந்தப் பிறவிக்கு, நோயாளியின் நெஞ்சுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இரண்டில் பின்னதே கொடியது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னதில் கூட அழுவதற்கு ஒரு தெய்வமாவது இருந்தது.

அர்த்தத்தைத் தேடும் மருத்துவம்

நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்ட உளமருத்துவர் விக்டர் ஃபிராங்கல், 1946-இல் வெளியிட்ட நூலில் மூன்றாவது விடைக்கு அடித்தளமிட்டார். செய்யும் வேலையில், கொள்ளும் அன்பில், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதத்தில் மனிதர் பொருள் காணலாம் என்றார் அவர். 'தவிர்க்க முடியாத' என்ற அடைமொழி முக்கியமானது. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்காமல் அதற்கு அர்த்தம் கற்பிப்பதை அவர் ஏற்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஆறுதல் கூறுவோர் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் இதைப் புற்றுநோயாளிகளுக்கான குழுச் சிகிச்சையாக வடித்தார். 253 பேரிடம் நடத்திய சோதனை 2015-இல் வெளிவந்தது. வாழ்வில் பொருள் உண்டு என்ற உணர்வு கூடியது, நம்பிக்கையிழப்பு குறைந்தது. கனடாவின் ஹார்வி சோச்சினோவ் வேறு வழியில் போனார். இறுதிக்கட்ட நோயாளியிடம் அவர் வாழ்வைப் பற்றிக் கேட்டு, பேச்சைப் பதிந்து, செம்மைப்படுத்தி, குடும்பத்துக்கு விட்டுச்செல்லும் ஆவணமாக்கும் முறை அது. 2011-இல் வந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனையில் மனத்துயரின் முதன்மை அளவீடுகளில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தங்களுக்கு உதவியது, மதிப்பு உயர்ந்தது, குடும்பம் தங்களைப் பார்க்கும் பார்வை மாறியது என்று நோயாளிகள் மற்றப் பிரிவினரைவிட அதிகம் சொன்னார்கள். அளவுகோல் தவறா, சிகிச்சையின் பலன் சிறியதா என்ற வாதம் முடியவில்லை.

இந்த வழிக்கு எதிரான வலுவான வாதம் ஆர்தர் ஃபிராங்கிடமிருந்து வந்தது. நோய்க் கதைகள் எல்லாம் 'குணமடைந்தேன்' என்றோ 'கற்றுக்கொண்டேன்' என்றோ முடிவதில்லை. தலைவால் இல்லாமல் சிதறிக் கிடக்கும் கதையும் உண்டு, அதைக் கேட்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை என்று 1995-இல் அவர் எழுதினார். நோயாளி தன் துயரை அழகான கதையாக்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு சுமைதான்.

ஜொகூரில் இதற்கு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் மட்டுமே மனம் திறக்கும் பாட்டி, மலாய் பேசும் தாதி, சீனப் பள்ளியிலோ தேசியப் பள்ளியிலோ படித்த பேரன் என்று ஒரே கட்டிலைச் சுற்றி மூன்று மொழிகள் நிற்கலாம். பாட்டி விட்டுச்செல்லும் ஆவணம் எந்த மொழியில் இருக்கும், அதைப் படிக்கப்போவது யார் என்ற கேள்விகள் கனடாவில் எழுந்த முறையை இங்கே கொண்டுவருவோருக்கு முதல் நாளிலேயே எதிர்ப்படும்.

சொல்லலாமா, மறைக்கலாமா

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்." புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் எந்த மருத்துவரும் இந்த வேண்டுகோளைக் கேட்டிருப்பார். தெரிந்தால் நம்பிக்கை போய்விடும், நம்பிக்கை போனால் உயிரும் போய்விடும் என்பது குடும்பத்தின் கணக்கு. இதை ஆசியப் பண்பாடு என்றும், நோயாளிக்கு நேரே சொல்வதை மேற்கின் வழக்கம் என்றும் பிரிப்பது வசதியானது. ஆனால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1961-இல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979-இல் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு ஆண்டுகளில் தலைகீழாக மாறக்கூடியதை மாறாப் பண்பாடு என்று அழைப்பது பொருந்தாது.

இடையில் என்ன மாறியது? சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் ஒப்புதல் சட்டத் தேவையாயிற்று. 1969-இல் எலிசபெத் கியூப்ளர் ராஸ் சாகும் நிலையில் இருப்பவர்களையே பேசவைத்தார். சாவை எதிர்கொள்ளும் மனநிலைகளாக அவர் சொன்ன ஐந்து படிகள் அந்த வரிசையில்தான் வரும் என்பதற்குப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதியான ஆதரவு தரவில்லை. ஆனால் நோயாளியிடமே கேட்கலாம் என்ற அவருடைய துணிவு நிலைத்தது.

மறைப்பதன் பின்னுள்ள அன்பை ஐயப்பட வேண்டியதில்லை. அதன் விலைதான் பெரிது. பெரும்பாலான நோயாளிகள் முகக்குறிப்பிலேயே ஊகித்துவிடுகிறார்கள். பிறகு அவர்களும் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். ஒரே வீட்டில் இரு தரப்பும் தனித்தனியே அழுகின்றன. இடைவழி ஒன்று இருக்கிறது. "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும், யாரிடம் சொல்லலாம்?" என்று நோயாளியிடமே கேட்பது. சிலர் "மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பார்கள். அந்த விடையும் அவருடைய உரிமைதான்.

வலி தணிந்த பிறகே

இதுவரை கண்ட விடைகள் எல்லாம் மனத்தைப் பற்றியவை. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் உடலிலிருந்து தொடங்கினார். சாகும் நிலையில் இருப்பவரின் வலியை, உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் பின்னிய முழுவலி என்று அவர் அழைத்தார். முதலில் மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுத்தார். வலியில் நெளிபவரிடம் வாழ்வின் பொருளைக் கேட்பது கொடுமை என்பதே இந்த நிலைப்பாட்டின் சாரம். சான்றும் வலுவானது. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளிவந்த சோதனையில், தொடக்கத்திலேயே இவ்வகை நோய்த் தணிப்புப் பராமரிப்பு பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. கடுமையான இறுதிக்காலச் சிகிச்சையைக் குறைவாகப் பெற்றும் அவர்கள் 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9.

கோழிக்கோட்டில் 1993-இல் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் தொடங்கிய அமைப்பு இதை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தது. அண்டைவீட்டார் பயிற்சி பெற்று வீடுவீடாகப் போனார்கள். கேரள அரசு 2008-இல் இதற்கெனக் கொள்கை வகுத்தது. மலேசியாவில் 1991-இல் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கியது, 1995-இல் கோத்தா கினபாலு மருத்துவமனையில் இதற்கான முதல் தனிப்பிரிவு அமைந்தது, 2019-இல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கை வந்தது. ஜொகூர் பாருவிலும் வீடு தேடிச் செல்லும் தொண்டு அமைப்பு உண்டு.

குறை கொள்கையில் இல்லை, எட்டுவதில்தான். உலகில் ஓராண்டில் விநியோகமான 298.5 டன் அபினிவகை வலிமருந்தில் ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன் மட்டுமே என்று லான்செட் ஆணையம் 2017-இல் கணக்கிட்டது. மலேசியா அந்த அளவு ஏழை இல்லை. அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட்தான் கட்டணம். ஆனாலும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மூன்றாம், நான்காம் கட்டத்தில் கண்டறியப்படுபவர்கள் 2012–2016 காலத்தில் 63.7 விழுக்காடு, 2017–2021 காலத்தில் 65.1 விழுக்காடு. தென்பகுதியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு வர வேண்டும். சிகாமட்டிலிருந்தும் மெர்சிங்கிலிருந்தும் வருபவர்க்கு 5 ரிங்கிட் பெரிதில்லை. வண்டிச் செலவும், கூட வருபவர் இழக்கும் நாள்கூலியும்தான் பெரிது. பாதியில் நின்றுபோகும் சிகிச்சையை மனத்தளர்ச்சி என்று எழுதிவைப்பதற்கு முன் பேருந்துக் கட்டணத்தைக் கேட்க வேண்டும்.

முடிவில்லாத நோய்

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் புற்றுநோயை வைத்து எழுதப்பட்டவை. தொடக்கம், போராட்டம், முடிவு என்று அதற்கு ஒரு கதைவடிவம் உண்டு. ஜொகூர்த் தமிழ் வீடுகளில் நீண்டகாலம் தங்கும் நோய் வேறு. மலேசியத் தமிழர் 'இனிப்பு நீர்' என்று அழைக்கும் நீரிழிவும், அது கெடுக்கும் சிறுநீரகமும்தான் அது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு.

டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். ஆண்டுக்கு அறுநூறு மணி நேரத்துக்கு மேல். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வேலை பெரும்பாலும் போய்விடும். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சந்தா கட்டியவருக்குச் செலவில் உதவி கிடைக்கும். கட்டாத தினக்கூலிக்கு அது எட்டாது. மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பவர் மிகச் சிலர். இங்கே 'போராடி வெல்' என்ற பேச்சுக்கு இடமில்லை, 'அமைதியாக விடைபெறு' என்பதற்கும் இல்லை. மகளின் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு வரை, பேத்தியின் காதுகுத்து வரை, அடுத்த தீபாவளி வரை என்று நம்பிக்கை சிறுசிறு தவணைகளாக வாழ்கிறது. இந்தத் தவணை நம்பிக்கையைக் குறைந்ததாக எண்ணக் காரணம் இல்லை. அதை விளக்கும் கோட்பாடு புற்றுநோய் பற்றிய கோட்பாடுகள் அளவுக்கு வளரவில்லை என்பதே இந்தத் துறையின் பெரிய இடைவெளி என்று கருதுகிறேன்.

உழைச்செல்வான்

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, 'உழைச்செல்வான்' என்ற நால்வகையோடு முடிகிறது. உழைச்செல்வான் என்பவர் பக்கத்தில் நின்று பராமரிப்பவர். பரிமேலழகர் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணம் சொல்கிறார். நோயாளிக்கு அவர் முதலில் சொல்வது பொருளுடைமை; அடுத்து வருபவற்றுள் தன் நோய்நிலையை எடுத்துச் சொல்வதும் ஒன்று. மருந்துக்குச் சொல்பவற்றுள் எளிதில் கிடைப்பதும் ஒன்று. உழைச்செல்வானுக்கு முதலில் வேண்டியது நோயாளியிடம் அன்பு. நம்பிக்கையை நோயாளியின் நெஞ்சுக்குள் மட்டும் தேடாமல் நான்கு இடங்களில் பகிர்ந்து வைக்கும் பார்வை இது. மற்ற எல்லா விடைகளையும்விட இதுவே சான்றுகளுக்கு நெருக்கமாக நிற்கிறது என்பது என் மதிப்பீடு.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. அன்பைக் கேட்ட உரை, உழைச்செல்வானின் களைப்பைப் பற்றிப் பேசவில்லை. நடப்பில் அந்த இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் 12 படுக்கைகளோடு பிறந்ததற்குப் பின்னால், தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் துயரம் இருந்தது. எல்லாப் பராமரிப்பாளரின் துயரமும் மருத்துவமனையாக மாறுவதில்லை; பெரும்பாலும் முதுகுவலியாகவும், விட்ட வேலையாகவும், சேமநிதியில் எடுத்த பணமாகவும் மாறுகிறது.

ஜொகூருக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இம்மாநிலத்துப் பிள்ளைகள் பலர் தினமும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். அந்தச் சம்பளம்தான் பெற்றோரின் மருந்து. அந்தப் பயணம்தான் பெற்றோருக்குக் கிடைக்காத நேரம். 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியபோது பொருள் ஒரு கரையிலும் உழைச்செல்வான் அதே கரையிலும், நோயாளி எதிர்க்கரையிலும் நின்றார்கள். தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல்தான்.

இன்னும் தீராதவை சில. பக்கத்தில் இருப்பவரின் ஆறுதல், திரைவழியே வந்தால் அதே ஆறுதல்தானா? நம்பிக்கையைத் தமிழில் அளக்கும் வினாப்பட்டியல், அச்சொல்லின் மூன்று பொருளையும் தாங்குமா? கோயில் வேண்டுதலையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் ஒரே மேசையில் வைத்துப் பேச மருத்துவரும் குருக்களும் பழகுவார்களா? சோதனைகள் நோயாளியின் மனச்சோர்வை அளக்கின்றன. நான்கு மணி நேர டயாலிசிஸ் முடியும்வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் மருமகளிடம் யார், எந்தத் தாளில், என்ன கேட்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.